பஸ் படியில் பந்தி

கேரியரின் நான்கு கிண்ணங்களும் வாயைத் திறந்துகொண்டு தரையில் வரிசையாக இருக்கின்றன. கருத்தையா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாள் தீர்ந்துபோன காலண்டர் அட்டையால் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருக்கிறார். விடிய இன்னும் நேரம் கிடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களைத் தவிர வேறு யாரும் அடுப்பு மூட்டாத வேளை. ஷெட்டுக்குப் போய் டூரிஸ்ட் பஸ்ஸை எடுக்க வேண்டிய மனிதர், சட்டைகூடப் போடாமல் சோற்றுக்குக் காற்று வீசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மனைவி மாரீஸ்வரி மூடியை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தால் கையைத் தட்டிவிடுகிறார்.

"ஆவி போகட்டும்ட்டி. சூட்டோட மூடுனா மூடி வேர்க்கும். அந்தத் தண்ணி சோத்துல சொட்டுச்சுன்னா மத்தியானத்துக்குள்ள ஊசிப்போவும்."

மாரீஸ்வரிக்கும் அவசரம்தான். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி மடிக்கிற யூனிட்டில் அவளுக்கு வேலை. முதல் டவுன் பஸ்ஸை விட்டால் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆவி, மூடி, வேர்வை என்று இந்தப் பாடத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அவளுடைய சின்ன டப்பாவும் அதே வரிசையில்தான் ஆறிக்கொண்டிருக்கிறது.

கேரியரில் என்ன இருக்கும் என்பது வெயிலையும் போகிற ஊரையும் பொறுத்தது. பெரும்பாலும் அடிக்கிண்ணத்தில் குதிரைவாலிச் சோறு. எலுமிச்சை பிழிந்து, கடலைப்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியிருக்கும். அதற்கு மேல் பாசிப்பருப்போடு ஈரம் வற்றத் துவட்டிய முருங்கைக்கீரை. மூன்றாவதில் அவித்த தட்டப்பயறு. உச்சியில் தோல் உரிக்காத அவித்த முட்டை, வெள்ளரிப்பிஞ்சு, கிடைத்தால் ஒரு கொய்யாக்காய். தேங்காய் கிடையவே கிடையாது. பயறில் கொஞ்சம் துருவிப் போட்டால் என்ன என்று மாரீஸ்வரி கேட்காத நாளில்லை. தேங்காயை வீட்டில் இருக்கிற நாளில் தின்னலாம், ரோட்டில் போகிற நாளில் அது காலை வாரிவிடும் என்பது அவர் கட்சி. முட்டையை ஏன் உரித்து வைக்கக்கூடாது என்று கேட்டால், கடவுள் போட்டுக் கொடுத்த மூடியை நாம் எதற்குக் கழற்ற வேண்டும் என்பார்.

இதெல்லாம் போக, தனியாக ஒரு தூக்குவாளி. அதில் இரண்டு கம்பஞ்சோற்று உருண்டைகள், இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோரில் மிதக்கும். அது பதினொரு மணிப் பசிக்கு. மாரீஸ்வரியின் யூனிட்டில் ஓரம் பிசிறி ஆஸ்பத்திரிக்கு ஆகாதென்று கழித்த துணியைப் பணியாளர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, தூக்குவாளியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிடுவார். காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும். பஸ்ஸில் அதற்கு இடம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், காற்று அடிக்கிற ஜன்னலோரம். காற்றுப் பட்டுத் துணி காயக் காய மோர் குளிர்ந்துகொண்டே வரும். வழியில் டீக்கு நிறுத்துகிற இடத்தில் மறுபடி ஒரு தடவை நனைத்துக்கொள்வார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒரு காலத்தில் ஸ்டீயரிங்கை முட்டிய தொந்தி இப்போது இருந்த இடம் தெரியவில்லை. அந்த நாளில் தைத்த வெள்ளைச் சட்டைகளை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சு கறாராக வரும். ஆனால் சாப்பிடும்போது அந்தப் பேச்சும் வராது. பஸ்ஸின் வலப்பக்கம் டிரைவர் ஏறுகிற கதவைத் திறந்துவைத்து, அந்தப் படியில் உட்கார்ந்து, கேரியரின் மூடியைத் தட்டாக மல்லாத்திவைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தால் மென்றுகொண்டே இருப்பார். யார் வந்து எது கேட்டாலும் இடது கையின் ஆள்காட்டி விரல் மேலே போகும். பொறு என்று அர்த்தம். வாயில் இருப்பது உள்ளே இறங்கின பிறகுதான் பதில்.

இந்த விரலுக்கு ஊரில் கொஞ்சம் பேரும் புகழும் உண்டு. சங்கரன்கோவிலில் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்ன போலீஸ்காரருக்கும் அதைக் காட்டினார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். முதலாளியின் போன் அடித்தால் போனைப் பார்த்தே விரலைக் காட்டுகிறவர் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். "அந்த வெரல ஒடிச்சு அடுப்புல வச்சாத்தான் அடங்குவாரு" என்பாள் மாரீஸ்வரி. அவளுக்கும் தினம் ஒரு தடவையாவது அது கிடைக்கிறது.

கருத்தையாவின் வீம்பு புரிய வேண்டுமென்றால் டிரைவர் ரூம் என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுஞ்சாலை ஹோட்டல்களில் டூரிஸ்ட் பஸ் வந்து நின்றால் பயணிகள் முன்வாசல் வழியாகப் போவார்கள். டிரைவர் பக்கவாட்டு வழியாகப் போவார். அங்கே தனியாக ஓர் அறை, தலைக்கு மேல் விசிறி, போட்டுத் தயாராக இருக்கும் இலை. அவர் கேட்காமலே ஆம்லெட் வரும். நெய் மிதக்கிற பரோட்டா வரும், பலகையில் எழுதியிராத சுக்காவும் வரும். பில் மட்டும் வராது. நாற்பது பேரைக் கொண்டுவந்து இறக்கியதற்கு அந்தக் கவனிப்பு. வண்டி முதலாளிக்கும் தனியாக ஒரு பங்கு போய்ச் சேரும். வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் காலையில் வைத்த சாம்பாரைச் சூடு பண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

கருத்தையா அந்த அறையில் இருபது வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர். அதைப் பற்றி அவருக்கு ஒரு வெட்கமும் கிடையாது. எல்லாரும் சாப்பிட்டார்கள், அவரும் சாப்பிட்டார்.

அது நின்றது ஒரு நாள் மத்தியானம். இராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பிய வண்டி. சுக்காவும் பரோட்டாவும் உள்ளே கிடக்க, நேர்க்கோடாக ஓடுகிற சாலை, கண்ணாடியில் அடிக்கிற வெயில், பின்னால் வண்டி முழுக்கத் தூக்கம். அவர் கண்ணை மூடியது அவருக்குத் தெரியவில்லை. திறந்தபோது ஓர் உப்பு லாரியின் பின்கதவு கண்ணாடி முழுக்க நின்றது. எப்படித் திருப்பினார், லாரி எந்தப் பக்கம் போனது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. பின்னாலிருந்து ஒரு அம்மாள் "பாத்து ஓட்டுப்பா" என்று முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். டயர் பார்க்க வேண்டும் என்று அடுத்த புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்கு மறைவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். 

அதற்கப்புறம் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை என்று சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரைக்காகத்தான் ஹோட்டலை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வார். அது பாதி உண்மை. உப்பு லாரி விஷயம் மாரீஸ்வரிக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி ஸ்டாண்டில் இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. அவருக்குக் 'கேரியர் அண்ணாச்சி' என்று பேர் வைத்தது முத்து முகம்மது. அவரும் டூரிஸ்ட் பஸ் டிரைவர்தான், கருத்தையாவுக்கு நெருங்கின சிநேகிதர், நெருக்கத்தின் உரிமையில் கொஞ்சம் கூடுதலாகவே வாரிவிடுகிறவர். ஒரு நாள் ஸ்டாண்டில் எல்லாரும் இருக்கும்போது, டிபனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிரேயருக்கும் போய்விட்டு வருகிறீர்களா என்று கேட்டார். கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு கருத்தையா சொன்னார்.

"அந்த ஓசிச் சாப்பாடு வயித்துல தங்காதுய்யா. நேரா கண்ணுல போயி உக்காந்துக்கிடும்."

தானும் அங்கேதான் தின்கிறேன், தனக்கொன்றும் கண் சொக்கவில்லையே என்றார் முத்து முகம்மது.

"சொக்குறவனுக்கு எப்பிடிய்யா தெரியும்?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. முத்து முகம்மது பேச்சை மாற்றி டீ சொன்னார். அதற்கப்புறமும் அவர் கேலியை நிறுத்தவில்லை, டிரைவர் ரூமையும் விடவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டு வண்டியெடுக்கும் முன் முகம் கழுவிக்கொள்கிறார் என்று கேள்வி.

பால்கோவா இன்னொரு தொல்லை. இந்த ஊரிலிருந்து கிளம்புகிற எந்த வண்டியும் ஆண்டாள் கோபுரத்துக்கு முன்னால் நின்று, தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் போகாது. அப்போது பயணிகளில் யாராவது ஒருவர் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் டிரைவருக்குத்தான் நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் சகுனம் கெட்டுவிட்டது என்பார்கள். ஆகவே இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற ஆண்டாள் படத்தடியில் வைத்துவிடுவார். வண்டி நின்றதும் எறும்புக்கு முன்னால் யாராவது குழந்தை அதை எடுத்துக்கொள்ளும். பால்கோவா ஊர்க்காரர் பால்கோவா தின்னாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அந்த வாசனையிலேயே அவர் கையை ஸ்டீயரிங்கில் இறுக்கிப் பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஒரு மனிதரின் வைத்தியக் கிறுக்கு என்று உலகம் விட்டிருக்கும். வினை அந்தப் படியில்தான் இருந்தது. ஹோட்டல் வாசலில் பஸ் நிற்க, பஸ்ஸின் படியில் டிரைவரே கேரியரைத் திறந்து உட்கார்ந்திருந்தால் இறங்குகிறவர்கள் பார்க்கத்தானே செய்வார்கள். நீங்கள் உள்ளே வரவில்லையா என்று கேட்பார்கள். விரல் மேலே போகும். மென்று முடித்துவிட்டு, எனக்கு வீட்டுச் சாப்பாடு என்பார். ஹோட்டலைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்லமாட்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இராத்திரிக்கென்று வைத்திருந்த புளியோதரையையும் இட்லியையும் எடுத்துக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போவார்கள். கருத்தையாவின் வண்டி வந்தால் உள்ளே நாலு மேசைகூட நிறைவதில்லை என்று ஒரு ஹோட்டல்காரருக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. உறைத்ததும் போன் போனது, இராஜபாளையத்தில் இருக்கிற பஸ் முதலாளிக்கு.

முதலாளி பாண்டிதுரை கெட்ட மனிதர் இல்லை. ஒரு பஸ்ஸும் ஒரு வேனும் வைத்துக்கொண்டு, இரண்டையும் பிள்ளைகள் மாதிரி பார்க்கிறவர். ஷெட்டுக்குக் கருத்தையாவைக் கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். தூத்துக்குடி தாண்டி இருக்கிற அந்த ஹோட்டல்காரர் வேண்டியவர், இத்தனை வருஷப் பழக்கம், உன்னால் எனக்குத் தலைகுனிவு என்றார். கருத்தையா, தான் யாரையும் தடுக்கவில்லை என்றார். பாண்டிதுரை இறங்கிவந்தார்.

"நீ திங்க வேணாம்யா. உள்ள போயி ஒரு காப்பியக் குடிச்சிட்டுச் செத்த நேரம் உக்காந்திட்டு வா. அம்புட்டுத்தான் கேக்கேன். அதுவும் முடியாதுன்னா சாவியக் குடுத்திரு."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து மாரீஸ்வரியிடம் சொன்னார். அவளுக்கு முதலாளி கேட்டதில் தப்பே தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டு வருவதில் என்ன குறைந்துவிடும் என்றாள். இந்த வயதில், சர்க்கரைக்காரர் என்று ஊரெல்லாம் தெரிந்த டிரைவரை வேறு எவன் வண்டியில் ஏற்றுவான் என்றாள். அது நியாயமான பயம். தன் ஒருத்தி சம்பளத்தில் வீடு எப்படி நடக்கும் என்று அவள் கணக்குப் போடத் தொடங்கியிருந்தாள். கருத்தையா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நான் அந்தப் பக்கத்து வாசலுக்கு நடக்கையில பின்னால என்ன பேசுவாகன்னு தெரியுமாட்டி? 'டிரைவரே போறாரு, அப்ப நல்லாத்தான் இருக்கும்'பாக. எனக்கு ஒரு சட்டி, அவியளுக்கு ஒரு சட்டி. அது தெரிஞ்சே இருபது வருசம் அந்தக் கடைக்கு நான் போர்டா நின்னுருக்கேன். இனி நிக்க மாட்டேன். காப்பிக்கும் நிக்க மாட்டேன்."

மாரீஸ்வரி பாத்திரங்களை ஒதுங்கவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் போன ஆவணியில் வந்தது. பாண்டிதுரையின் பேரனுக்குத் திருச்செந்தூரில் முடியிறக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் எல்லாம் முதலாளியின் பஸ்ஸிலேயே போவதாக ஏற்பாடு. திரும்புகையில் மத்தியானச் சாப்பாடு அந்த ஹோட்டலில்தான் என்பதும், அன்றைக்குக் கருத்தையா உள்ளே வந்தாக வேண்டும் என்பதும் முன்கூட்டியே சொல்லியனுப்பப்பட்டது. வேன் ஓட்டுகிற கௌதம்ராஜும் வண்டியில் வருவான் என்ற தகவலும் கூடவே வந்தது. கௌதம்ராஜ் முதலாளியின் அக்காள் மகன், முப்பது வயது, பஸ் ஓட்டவும் லைசென்ஸ் வைத்திருப்பவன். எதற்கு வருகிறான் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று காலை கருத்தையா குளித்துவிட்டு வந்தபோது கிண்ணங்கள் நான்கும் வரிசையில் இருந்தன. காலண்டர் அட்டை மாரீஸ்வரியின் கையில் இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவளே விசிறிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட ஒரு முட்டை கூடுதலாக வைத்திருந்தாள். அவர் மூடியை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். ஆவி இன்னும் போகவில்லை என்று கையைத் தட்டிவிட்டாள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. கடலில் குளித்து, முடியிறக்கி, காது குத்தி, குழந்தை அழுது ஓய்ந்து, தலையில் சந்தனத்தோடு தாத்தா தோளில் தூங்கிப்போனது. கௌதம்ராஜ் போக வர டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜினை மூடிய பானட்டின் மேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். ஹோட்டல் வந்தது. கருத்தையா வண்டியை நிழலில் ஒதுக்கி நிறுத்தினார். எல்லாரும் இறங்கினார்கள். அவர் எப்போதும் போல டயர்களைத் தட்டிப் பார்த்து, கைகால் கழுவி, வலப்பக்கக் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தார்.

பாண்டிதுரை சுற்றிக்கொண்டு வந்தார். பின்னால் உறவுக்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். ஹோட்டல்காரரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் முதலாளிக்கு வேறு வழி இல்லை. உள்ளே வருகிறாயா இல்லையா என்று கேட்டார்.

கருத்தையா இன்னும் முதல் கவளத்தை எடுக்கவில்லை. எனவே பேசலாம். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். ஆண்டாள் கோயில் வாசலில் வாங்கிய பித்தளைக் கிளி அதில் தொங்கும். மல்லாத்திவைத்த மூடியில், முட்டைகளுக்குப் பக்கத்தில் அதை வைத்து, மூடியை முதலாளி பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கிடுங்க மொதலாளி. நான் தின்னு முடிச்சிட்டு ரூட் பஸ்ஸப் புடிச்சி வாரேன்."

பாண்டிதுரை இப்படி எதிர்பார்க்கவில்லை. கெஞ்சுவார், அல்லது முறைப்பார், எப்படியும் ஒரு காப்பியில் முடியும் என்று நினைத்திருந்தார். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர் சாவியை எடுத்து கௌதம்ராஜின் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். கௌதம்ராஜை ஹோட்டல்காரர் தோளில் கைபோட்டுப் பக்கத்து வாசல் வழியாக அழைத்துக்கொண்டு போனார்.

கருத்தையா சாப்பிட ஆரம்பித்தார். வேலை போய்விட்டது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.  இந்தப் படி, இந்தக் கதவு, கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இந்தப் பிடி எல்லாம் நாளைக்கு வேறொருவருடையது என்று நினைத்துக்கொண்டே கீரையை வாயில் போட்டார். ஒரு மடக்கு மோரைக் குடித்து அதை இறக்கினார். மாரீஸ்வரி விசிறிக் கொடுத்த சோறு கொஞ்சமும் கெட்டிருக்கவில்லை. அதை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று தீர்மானித்துக்கொண்டார். வழக்கத்தைவிட மெதுவாக மென்றார்.

பாண்டிதுரைக்கு உள்ளே சாப்பாடு இறங்கவில்லை. காப்பியோடு எழுந்துவிட்டார். உறவுக்காரர்கள் பல்லைக் குத்திக்கொண்டு ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கௌதம்ராஜ் உதட்டில் எண்ணெய் மினுங்க, பாக்கு மென்றுகொண்டு பயணிகள் வாசல் வழியாக ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். அவன் காலடியில் படியில் கருத்தையா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கௌதம்ராஜ் ஹார்னை அடித்தான். கருத்தையா திரும்பவில்லை; பயறில் பாதி இருந்தது.

அவரை எழுந்திருக்கச் சொல்வதற்காகத்தான் பாண்டிதுரை அந்தப் பக்கம் வந்தார். தோளில் சந்தனத் தலையோடு பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். படியருகே வந்து வாயைத் திறந்தவர் மேலே பார்த்தார். கௌதம்ராஜ் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். சின்னக் கொட்டாவி இல்லை, கண்ணில் தண்ணீர் வருகிற கொட்டாவி. அதை முடித்து, கண்ணைத் துடைத்து, ஸ்டீயரிங்கில் கையை வைத்து, இன்னொன்று விட்டான்.

"என்னடா, கண்ணு செவந்து கெடக்கு?" என்றார் பாண்டிதுரை.

"ஒண்ணுமில்ல மாமா. செத்த நேரம் ஓட்டுனா சரியாயிரும்."

பாண்டிதுரை பஸ்ஸின் ஜன்னல்களைப் பார்த்தார். அவர் மனைவி, மகள், சம்பந்தி வீட்டார், அக்காள், எல்லாரும் வயிறு நிறைந்து, தலையைச் சாய்க்கத் தோதான இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு அதற்குள் கண் மூடியாயிற்று. முன்னால் சாலை நேராக, வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. ஓர் உப்பு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று.

பேரனின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மேலே நீட்டினார். கௌதம்ராஜ் புரியாமல் பார்த்தான். அப்புறம் சாவியை உருவிக் கொடுத்துவிட்டு, ஒருவேளை நிம்மதியோடுதான், பின் சீட்டுக்குப் போய்விட்டான்.

பாண்டிதுரை படிக்கு நேரே வந்து நின்றார். வாசலில் ஹோட்டல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல்களில் விழித்திருந்த உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் கிளி ஆட, சாவியைக் கருத்தையாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சரி, வண்டிய எடு கருத்தையா. நேரமாவுது."

கருத்தையா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மூடியில் கடைசி முட்டை தோல் உரித்துப் பாதி கடித்தபடி இருந்தது. தூக்குவாளியில் ஒரு மடக்கு மோரும் பாக்கி இருந்தது. வாயில் இருந்ததை அவசரமில்லாமல் மென்றுகொண்டே, இடது கையின் ஆள்காட்டி விரலை மேலே தூக்கினார்.